அதுவும் அவளும்

எங்கள் கலசப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், பெரியவர்களின் நலமும் பிள்ளைகளின் நலமும் கேட்டபின் மூன்றாவதாக ஒரு விசாரிப்பு உண்டு. பூனை குட்டி ஈன்றதா, நாயின் காலில் இருந்த புண் ஆறியதா, கன்று புல் கடிக்கத் தொடங்கியதா என்பதாக அது இருக்கும். கேட்பவர் ‘அது’ என்றே கேட்பார். விடை சொல்பவரோ ‘அவன்’ என்பார், ‘அவள்’ என்பார். 34 ஆண்டுகள் பள்ளியில் தமிழிலக்கணம் கற்பித்த எனக்கு இந்த வேறுபாடு காதில் படாமல் போவதில்லை.

ஆண்டுதோறும் ரதசப்தமியன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே எழுந்தருளிச் செய்யாற்றில் தீர்த்தவாரி கண்டருளும் ஊர் இது. இங்குள்ள முதியவர்களில் பலர் பட்டுத்தறியை நம்பி வாழ்ந்தவர்கள். பிரதோஷத்தன்று நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நிறைவுற்றதும், பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் மண்டபத்தில் அமர்ந்துவிடுவோம். பேச்சு மூட்டுவலியில் தொடங்கும். எப்படியோ வீட்டில் வளரும் ஜீவன்களிடம் வந்து சேரும்.

சென்ற வைகாசிப் பிரதோஷத்தன்றும் அப்படித்தான். தறிக்காரப் பெரியவர் ஒருவர் தம் பூனையைப் பற்றித் தொடங்கினார். தறி ஓடும்போது குழிக்குள் அவர் கால் பக்கத்திலேயே சுருண்டு உறங்குமாம். சத்தம் நின்றால் உடனே விழித்து அவர் முகத்தைப் பார்க்குமாம். அவர் உணவுக்கு எழுந்து போனால் கால்மிதியின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். திரும்பி வந்தவர் அதை எழுப்புவதில்லை. “அவளாக எழுந்திருக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்” என்றார். பூனையின் தூக்கத்துக்காக ஒருவர் கூலியை விட்டுக்கொடுப்பாரா என்று தோன்றலாம். ஆனால் பாவுக்குப் போடும் கஞ்சியின் மணத்துக்கு எலி வரும்; ஓர் இரவில் அது அறுத்துவிட்டுப் போகும் இழைகளை முடிபோட்டுச் சேர்க்க மறுநாள் முழுதும் போய்விடும். தறி வீட்டில் பூனைக்கு உள்ள மரியாதை வெறும் செல்லம் அன்று.

ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் வீட்டு நாய்க்கு மணி என்று பெயர். அர்த்தஜாம மணி ஒலித்தால் அவன் கோபுரத்தை நோக்கித் தலையைத் தூக்கி ஊளையிடுவான்; மணி ஓய்ந்ததும் தானும் ஓய்வான். வாசற்படியை ஒருநாளும் தாண்டியதில்லை. இன்னொருவர் வீட்டுக் கோழி, அவர் சாய்வு நாற்காலியில் மடித்து வைத்த வேட்டியில்தான் முட்டையிடும். பனையிலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு ஒன்றைப் பேரன் எடுத்து வந்ததை ஓர் அம்மாள் சொன்னார். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம் என்று ஒருவர் எச்சரித்தார். “கூண்டே வாங்கவில்லையே! சிறகு முளைத்துப் பறந்துவிட்டான். கொய்யா நறுக்கினால் மட்டும் ஜன்னலுக்கு வருகிறான்” என்றார் அம்மாள்.

அன்று வாய் திறவாமல் இருந்தவர் எங்கள் எதிர்வீட்டு அக்கா. வயது 74. கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் அவரும் ஒரு பசுவும் மட்டுமே. பசுவின் பெயர் லட்சுமி. நாட்டில் பாதிப் பசுக்களுக்கு அந்தப் பெயர்தான். கல்யாணப் புடவைக் கூலியில் அவர் கணவர் கிடாரியாக வாங்கி வந்தது. எட்டுக் கன்று ஈன்று, பால் சொசைட்டிப் பணத்தில் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்கியது. இப்போது 17 வயது, கறவை நின்றுவிட்டது.

மண்டபத்தை விட்டு இறங்கும்போதுதான் செய்தியைச் சொன்னார். சென்னையில் உள்ள மூத்த மகன் தன்னுடன் வந்துவிடும்படி அழைக்கிறான். அடுக்குமாடியில் நான்காம் தளம். மாட்டை விற்றுவிடலாம் என்று தரகரிடமும் சொல்லி வைத்திருக்கிறான்.

அந்த வாரமே தரகர் வந்தார். நான் திண்ணையில் இருந்தேன். அவர் பசுவின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார். “இது இனிமேல் சினை பிடிக்காது அம்மா. தீனிக்கும் நஷ்டம். சீக்கிரம் கொடுத்துவிட்டால் நல்லது” என்றார். அக்கா, “அவள் கூடத்துப் படியில் ஏற மாட்டாள், வழுக்கும் என்று பயம். தண்ணீர் காட்டினால் முதலில் மோந்து பார்ப்பாள்” என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். பசு எங்கே போகும் என்று தரகரை அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை; வற்றிய மாட்டை யார் வாங்குவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஒரு வாரம் அவகாசம் கேட்டு அனுப்பினார்.

இலக்கணப்படி தரகர் சொன்னதே சரி. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆயினும் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு வழி திறந்து வைத்தார். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றால் திணை மாறி வந்தாலும் அது பிழையன்று என்றார். இதனைத் திணை வழுவமைதி என்று வகுப்பில் நடத்துவோம். மகிழ்ச்சிக்கு ஆசிரியர்கள் காலங்காலமாகக் காட்டும் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? தன் பசு வருவதைக் கண்ட ஒருவன், தன் அம்மை வந்தாள் என்று சொல்வதுதான்.

இலக்கணம் தந்த இந்தச் சலுகையை வாழ்நாள் வழக்கமாகவே கொண்டிருந்த மகான் ஒருவர், எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் வாழ்ந்தார். 1896-ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்து, 1950-இல் மகாசமாதி அடையும்வரை அந்த மலையை விட்டு நீங்காத பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி எந்த விலங்கையும் ‘அது’ என்று குறிப்பிட்டதில்லை. ஆசிரமத்து நாய்களைக்கூட, பையன்கள் சாப்பிட்டாயிற்றா என்றுதான் விசாரிப்பார். முதலில் நாய்களுக்கு, அடுத்து இரவலர்களுக்கு, பிறகே அன்பர்களுக்கு என்று அங்கே உணவுக்கு ஒரு வரிசை இருந்தது.

அந்தப் பையன்களும் பெண்களும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குணம். ஸ்கந்தாசிரமத்தில் இருந்த கமலா, புதிதாக வந்தவரை அழைத்துச் செல் என்று பகவான் சொன்னால், மலையிலுள்ள சுனைகளையும் சந்நிதிகளையும் ஒன்று விடாமல் காட்டித் திரும்ப அழைத்து வருவாள். ஜாக்கி மற்ற நாய்களோடு விளையாடியதே இல்லை. பகவானுக்கு எதிரே, தனக்கென இட்ட காவித்துணியில் தவசியைப் போல அமர்ந்திருப்பான். நொண்டி என்றொரு குரங்கு. தன் கூட்டத்துத் தலைவன் கடித்துப் போட்டுவிட்ட குட்டியாக வந்தவன், பகவானிடம் வளர்ந்து, பின்னாளில் அதே கூட்டத்துக்குத் தலைவனானான்.

தருமபுத்திரர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புகேன் என்ற கதை நம் அனைவருக்கும் தெரியும். கடைசியில் அந்த நாய் தருமதேவதையாக உருமாறிவிடுகிறது. என் மனத்துக்கு ஆசிரமத்து ஜாக்கி இன்னும் நெருக்கம். அவன் நாயாக வந்தான், நாயாகவே இருந்தான், அப்படியே மரியாதை பெற்றான்.

ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவை அங்கே அழைத்துச் சென்றேன். பௌர்ணமி நெரிசல் இல்லை. பகவானின் சந்நிதியில் வணங்கியபின், ஆசிரம வளாகத்திலேயே உள்ள அந்த நான்கு சிறு சமாதிகளுக்கு வந்தோம். பசு லக்ஷ்மி, மான் வள்ளி, ஒரு காகம், நாய் ஜாக்கி. லக்ஷ்மியின் முன் அக்கா அமர்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

1926-இல் குடியாத்தம் பக்கத்து அன்பர் ஒருவர், ஒரு தாய்ப்பசுவையும் அதன் கன்றையும் கொண்டு வந்து சமர்ப்பித்தார். சிறுத்தை நடமாடிய காலம். பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. வேண்டாம் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்தக் கன்றுதான் லக்ஷ்மி. தோட்டத்துக் காய்கறிச் செடிகளை மேய்ந்ததால், ஊருக்குள் ஓர் அன்பர் வீட்டில் விட்டார்கள். ஒருநாள் ஆசிரமத்துக்கு வந்து வழியைத் தெரிந்துகொண்டவள், பிறகு யாரும் ஓட்டாமலே காலையில் தானாக வந்து பகவானருகில் இருந்துவிட்டு மாலையில் தானாகத் திரும்புவாள். கூடத்துக்குள் வந்து அவர் பாதத்தில் தலையை வைப்பாள். ஆசிரமத்தில் ஒன்பது கன்றுகள் ஈன்றாள். அவற்றில் மூன்றாவது பகவானின் ஜயந்தி நாளில் பிறந்தவை. கோசாலை கட்டி, முதலில் அவள்தான் நுழைய வேண்டும் என்று முகூர்த்தம் வைத்தார்கள். நேரம் வந்தபோது ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், பகவான் எதிரில் படுத்திருக்கிறாள், அசையவில்லை. அவர் எழுந்து முன்னே நடந்தபிறகே பின்னால் போனாள்.

மலையில் கீரை பறித்துப் பகவானுக்குச் சமைத்துத் தந்த கீரைப்பாட்டிதான் லக்ஷ்மியாக வந்தாள் என்று அன்பர்கள் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவள் கதைக்கு ஒரு குறையும் இல்லை என்பது என் எண்ணம்.

1948 ஜூன் 18, வெள்ளிக்கிழமை. உடல் நலிந்து கிடந்தவளிடம் பகவானே வந்து அமர்ந்தார். அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டு, தலைமேல் ஒரு கையும் நெஞ்சின்மேல் ஒரு கையும் வைத்து, அம்மா என்று அழைத்தார். முற்பகலில் அவள் உயிர் அமைதியாகப் பிரிந்தது. மனிதர்க்குச் செய்யும் சடங்குகளோடு அடக்கம் செய்தார்கள். சர்வதாரி ஆண்டு, மாதம், நாள் எல்லாம் குறித்துப் பகவான் ஒரு தமிழ்ச் செய்யுள் இயற்றினார். அதில் விமுத்தி என்ற சொல் வருகிறது. சம்பிரதாயமாக எழுதியதா, உண்மையாகவே முக்தியா என்று ஓர் அன்பர் கேட்டபோது, உண்மையான முக்திதான் என்றார்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஒன்பதா? எங்களவள் எட்டு” என்றார்.

பேருந்தில் திரும்பும்போதும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. இரவு மகனுடன் தொலைபேசியில் பேசினார். எதிர்வீட்டுத் திண்ணை வரை கேட்டது. “உன் அப்பா வாங்கி வந்தவள். அவள் காலம் முடிந்தபிறகு நான் வருகிறேன். அதற்கு முன் என்னைக் கூப்பிடாதே.” மகன் மறுத்ததும் தெரிந்தது, அம்மாவின் மூட்டுவலியைச் சொல்லியிருப்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தனியாக இருக்கும் 74 வயது அம்மா, சாணம் அள்ளி, வைக்கோல் பிரித்துப் போட வேண்டும் என்றால் எந்தப் பிள்ளைக்கு மனம் ஒப்பும்? ஆனால் அடுத்த மாதம் வைக்கோலுக்கென்று தனியாகப் பணம் அனுப்பிவிட்டான்.

ஆவணியில் தரகர் மறுபடியும் வந்தார். அக்கா கடையில் மோர் வாங்கிவரச் சொல்லி அவருக்குக் கொடுத்து, வெயில் தாழ்ந்ததும் போகலாம் என்று உட்கார வைத்து, வெறுங்கையோடு அனுப்பினார்.

சாணம் அள்ள இப்போது தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் காலையில் வருகிறாள். தறிக்காரப் பெரியவர் வீட்டிலிருந்து வடித்த கஞ்சி வருகிறது. ஐந்து வீட்டார் கழுநீரைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றுகிறோம். மற்ற நான்கு வீட்டுக் கழுநீரையும் லட்சுமி உறிஞ்சிக் குடித்துவிடுகிறாள். என் வீட்டுக் குடத்தை மட்டும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதில் புளி நெடி அடிக்கிறது என்பது அக்காவின் கட்சி; என் மனைவி அதை ஒப்புக்கொள்ளவில்லை.