சாவி மடியிலேயே இருந்துச்சு!

‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்’னு ஸ்கிரீனோட வலது மூலையில மங்கலா ஒரு வரி. தூசின்னு நினைச்சு முதல்ல துணியால துடைச்சவன் நான். சிரிக்காதீங்க மக்களே... படிக்கிறது இன்ஜினீயரிங் மூணாவது வருஷம்!

லேப்டாப் ரொம்ப ஸ்லோன்னு மஞ்சக்குப்பத்துல ஒரு கடையில குடுத்தேன். சாயங்காலமே புது விண்டோஸ் போட்டுக் குடுத்தாங்க. ரெண்டே நாள்ல இந்த வரி முளைச்சுடுச்சு. வால்பேப்பர்கூட மாத்த முடியலை. திரும்பப் போனா, “ஒரிஜினல்னா ஆயிரக்கணக்குல ஆகும் தம்பி. 300 ரூபா குடு, கிராக் போட்டுத் தர்றேன். ஆன்ட்டிவைரஸை மட்டும் ஆஃப் பண்ணணும்”னார்.

அங்கேதான் உறுத்துச்சு. காவல் நாயைக் கட்டிப்போட்டாதான் உள்ளே வருவேன்னு சொல்றவன் விருந்தாளியா, திருடனா? நாலு நாள்ல மினி புராஜெக்ட் ரிவியூ. மூணு பேர் உழைப்பு அந்த லேப்டாப்புக்குள்ள. அப்பா வேற, “18 மாசம் தவணை கட்டினேனே... அதுல விண்டோஸ் சேர்த்தி இல்லையாடா?”ன்னு கேட்டார். ‘ஙே’ன்னு முழிச்சேன்.

சிதம்பரத்துல படிக்கிற பெரியம்மா பொண்ணுக்கு போன் போட்டேன். அக்கா கேட்டது ஒரே கேள்வி. “பில்லுல என்ன விண்டோஸ்னு போட்டிருக்கு?”

அப்பாவோட எல்.ஐ.சி. ஃபைலுக்குள்ளேருந்து பில்லை எடுத்தா... ‘ஹோம்’. கடையில போட்டிருந்தது ‘புரோ’!

“அடப்பாவி! அடியில ஸ்டிக்கர் ஒட்டி சாவி குடுத்ததெல்லாம் பழைய காலம். 2012-ல விண்டோஸ் 8 வந்ததுலேருந்து, விண்டோஸோட விக்கிற லேப்டாப்ல 25 எழுத்து சாவியை பெரும்பாலும் மதர்போர்டுலயே பதிச்சுடுறாங்க. ஹோம் சாவி புரோ பூட்டைத் திறக்குமாடா?”ன்னு சிரிச்சா.

அப்புறம் என்ன? ஃபைல் எல்லாத்தையும் காப்பி எடுத்தேன். மைக்ரோசாஃப்ட் தளத்துலேருந்து 8 ஜி.பி. பென் டிரைவ்ல விண்டோஸை இலவசமா இறக்கி, ஹோம் போட்டேன். நெட்டை இணைச்சதும், அந்த வரியைக் காணோம். செலவு, ராத்திரித் தூக்கம் மட்டும்!

இந்த ஆக்டிவேஷன் வீட்டு கம்ப்யூட்டருக்குப் பரவலா வந்தது 2001-ல, விண்டோஸ் எக்ஸ்பியோட. ஒரு காப்பியை ஊரே போட்டுக்கக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. அதனால மதர்போர்டை மாத்தினா, ‘இது வேற மெஷின்’னு அடம் பிடிக்கும். கடலூர் மழையை நம்பவே முடியாது பாஸ்... இப்பவே உரிமத்தை உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கோட இணைச்சு வெச்சுக்குங்க. விண்டோஸே இல்லாம வாங்கின லேப்டாப்பா? கிராக் பக்கம் போகாதீங்க, உபுண்டு இருக்கு. இலவசம்தான்.

“அப்பா, நீங்க கட்டின காசுல விண்டோஸும் சேர்த்திதான்”னேன்.

அவர் பேசாம பில்லை வாங்கி, நாலா மடிச்சு, மறுபடி எல்.ஐ.சி. ஃபைலுக்குள்ள வெச்சார்.