போர்த்திவிட்ட கைகளுக்கு

அன்னை கதீஜா நாயகி அவர்களுக்கு,



நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சரிதையை எத்தனை முறை வாசித்தாலும், 610ஆம் ஆண்டின் அந்த ரமலானுக்கு வந்ததும் நின்றுவிடுகிறேன். முதல் இறைச்செய்தி கிடைத்த ஹிரா குகையிலிருந்து நடுங்கியபடி இறங்கி வந்தவர்கள், தம்மைப் போர்த்திவிடச் சொன்னது உங்கள் வீட்டில்தானே. உங்கள் பெயரையே கொண்ட என் உம்மம்மா இதைச் சொல்லும்போது, அந்த இடம் வந்தால் தன் முந்தானையை இழுத்து என் தோளில் போடுவார்.

நடுக்கம் அடங்கியபின், "அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான்" என்று அவர்களிடம் உறுதி சொன்னீர்கள். அதற்கு நீங்கள் அடுக்கிய காரணங்களை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. சொந்தபந்தத்தைப் பேணுகிறார்கள், இல்லாதவருக்கு ஈட்டிக் கொடுக்கிறார்கள், விருந்தினரை உபசரிக்கிறார்கள், அடுத்தவர் சுமையைத் தாங்குகிறார்கள். எல்லாமே 15 ஆண்டுகள் ஒரே வீட்டில் கூட இருந்து பார்த்தவை. ஊருக்கு நல்லவராகத் தெரிவது எளிது. கட்டிய மனைவி நற்சான்று தருவதென்றால் சும்மாவா! அந்தப் பொழுதில் அவர்களைத் தனியே விடாமல் இருந்தீர்களே, அதற்காகத்தான் இந்த மடல். நன்றி, உம்மா.

முதலில் ஈமான் கொண்டவரும் நீங்களே. சிரியாவுக்குச் சரக்கு அனுப்பிய செல்வச் சீமாட்டி, குறைஷிகளின் ஊர்விலக்கில் அபூதாலிப் கணவாயில் பசியையும் பகிர்ந்துகொண்டீர்கள். 619இல் நீங்கள் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே இன்றும் சொல்கிறோம்.

அதன்பிறகும் உங்களை மறக்கவில்லை நபிகள். ஆடு அறுத்தால் உங்கள் தோழியருக்குப் பங்கு போகும். உங்கள்மேல் பட்ட பொறாமை வேறு யார்மேலும் பட்டதில்லை என்று, பின்னர் நபிகள் மணந்த ஆயிஷா நாயகியே மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

624இல் பத்ருப் போர். உங்கள் மகள் ஸைனபின் கணவர் அபுல் ஆஸ், எதிரணியான குறைஷிப் படையில் நின்று கைதியானார். அவரை மீட்க மக்காவிலிருந்து ஸைனப் அனுப்பிய பொருளில் ஒரு கழுத்துமாலை இருந்தது. திருமணத்தின்போது நீங்கள் மகளுக்குக் கொடுத்தது. கண்டதும் நபிகள் உள்ளம் உருகிவிட்டார்கள். வென்ற படையின் தலைவர் அவர்கள். ஆனாலும் ஆணையிடாமல், "உங்களுக்குச் சம்மதமானால் கைதியை விடுவித்து மாலையையும் திருப்பிக் கொடுத்துவிடலாமே" என்று தோழர்களிடம் கேட்டார்கள்.

தோழர்கள் இசைந்தார்கள். அபுல் ஆஸ் விடுதலையானார். உங்கள் மாலை உங்கள் மகளிடமே திரும்பிப் போனது.

துஆவுடன்,
உங்கள் மகள்களில் ஒருத்தி