சாவியும் சாட்சியும்

'சாவி' என்னும் சொல் தமிழ்ச்சொல் அன்று. போர்த்துக்கீசியரின் மரக்கலங்களில் வந்து நம் கரையில் இறங்கிய சொற்களுள் அதுவும் ஒன்று. அலமாரியும் பாதிரியும் அவ்வழி வந்தவையே. அதற்கு முன்னரும் நம்மிடம் பூட்டு இருந்தது, தாழ் இருந்தது, திறவுகோல் இருந்தது. வீட்டில் சாவி என்றும், விவிலியத்தில் திறவுகோல் என்றும் இருவேறு பெயரிட்டு வழங்கினாலும், பொருள் ஒன்றே. ஒருவரை நம்பி மற்றொருவர் ஒப்படைக்கும் பொறுப்பின் கைப்பிடியளவு வடிவம் அது.

கருவூலத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எனவே சாவியைப் பற்றிச் சிந்திப்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. சார்கருவூலத்தின் காப்பறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு பூட்டின் சாவி அலுவலரிடமும், மற்றதன் சாவி காசாளரிடமும் இருக்கும். இருவரும் சேர்ந்து நின்றாலன்றிக் கதவு திறவாது. உள்ளே முத்திரைத்தாள்களும், பிற அலுவலகத்தார் காப்புக்காக ஒப்படைத்த அரக்கு முத்திரையிட்ட பொதிகளும் இருக்கும். எத்துணை நாணயமானவராயினும் தனியாளாக உள்ளே செல்லலாகாது என்பது விதி. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் சிலர், "எங்களை நம்பவில்லையா?" என்று மனம் நொந்ததுண்டு. அவர்களுக்கு மூத்தவர் ஒருவர் சொன்ன மறுமொழி இன்றும் என் நெஞ்சில் நிற்கிறது: "தம்பி, இந்த இரண்டாவது பூட்டு உன்னைப் பிடிப்பதற்கு அன்று, உன்னைக் காப்பதற்கு."

அந்த இரண்டாவது பூட்டு இன்று மின்னணு வடிவம் எடுத்திருக்கிறது. ஆலைகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் சுவரோடு பொருத்திய எஃகுப் பெட்டி ஒன்றைக் காணலாம். அதனுள் வரிசை வரிசையாகச் சாவிகள் தொங்கும். ஒவ்வொரு சாவியும் பிரிக்க இயலாத ஒரு வளையத்தால் ஒரு சிறு வில்லையோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவ்வில்லைக்குள் தனக்கென ஓர் அடையாள எண்ணைத் தாங்கிய நுண்சில்லு உண்டு. சாவி வேண்டுவோர் தம் இரகசிய எண்ணை அழுத்த வேண்டும். அல்லது அடையாள அட்டையையோ விரலையோ காட்ட வேண்டும். பெட்டி திறக்கும், ஆனால் அவருக்கு உரிமையுள்ள சாவி மட்டுமே பிடி தளர்ந்து கைக்கு வரும். மற்றவை அசையா. யார் எடுத்தார், எந்நேரம் எடுத்தார், எந்நேரம் திரும்ப வைத்தார் என்பவை தாமே பதிவாகும். குறித்த நேரத்தில் சாவி திரும்பாவிடில் மேலாளருக்குச் செய்தி பறக்கும். சாவிக்கு மட்டுமன்று, நூலகத்து நூலுக்கும் கிடங்கின் சரக்குக்கும் இத்தகைய வில்லை ஒட்டி அவற்றின் போக்குவரவைப் பின்தொடர்கின்றனர்.

நம் அன்றாட வாழ்விலும் இம்முறை நுழைந்துவிட்டது. தானியங்கிப் பணப் பொறிகளில் பணம் நிரப்புவோர், ஒருமுறை மட்டுமே செல்லுபடியாகும் எண்கோவையால் திறக்கும் மின்னணுப் பூட்டையே பயன்படுத்த வேண்டும் என்று 2019 ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. நேற்றைய எண் இன்று திறவாது. வங்கிப் பாதுகாப்புப் பெட்டகங்களைப் பற்றி 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, அவ்வாண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வகுத்தது. பெட்டகம் திறக்கப்பட்டால் அன்றைய நாள் முடிவதற்குள் உரியவருக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் செல்ல வேண்டும். காப்பறைக் காமிராப் பதிவுகளை 180 நாள்களுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். மகளின் திருமணத்துக்கென நாலு சவரன் நகையைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு உறங்கும் தாய்க்கு இவ்விதிகள் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாவி முறையாகப் பேணப்படாவிடில் என்னவாகும் என்பதற்குப் பூரி ஜகந்நாதர் ஆலயத்தின் கருவூல அறை சான்றாகிறது. 1978-க்குப் பின்னர் பல்லாண்டுகளாக அங்குள்ள அணிகலன்கள் முழுமையாகக் கணக்கிடப்படாமலே இருந்தன. 2018-இல் உள்ளறைச் சாவி காணப்படவில்லை என்ற செய்தி நாட்டையே வியக்கவைத்தது. பின்னர் மாற்றுச் சாவி கிடைத்ததாகக் கூறினர். 2024 ஜூலை 14 அன்று அறையைத் திறக்கச் சென்றபோது, கைவசமிருந்த சாவிகளால் உள்ளறை திறவாமையால் பூட்டுகளை உடைத்தே உள்ளே சென்றனர். இதை அயலார் குறையாக எண்ணி நாம் மகிழ்வதற்கில்லை. நம் பங்குகளில் பழைய வெள்ளிக் கதிர்ப்பாத்திரம் எங்கே, தேரின் அணிகள் எத்தனை, நிலப்பத்திரம் எந்தப் பேழையில் என்று கேட்டால் உடனே விடை சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

இந்த மின்னணுப் பெட்டியைப் பற்றி நான் ஆழ்ந்து சிந்திக்கலானது எங்கள் ஊர் இளைஞன் ஒருவனுக்கு நேர்ந்த துன்பத்தால்தான். தொழிற்பேட்டைக் கிடங்கு ஒன்றில் ஒப்பந்தக் காவலாளியாக இரவுப்பணி செய்தவன் அவன். ஒருநாள் காலையில் சரக்கறையிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் சில காணப்படவில்லை. பூட்டு உடைக்கப்படவில்லை. ஆகவே சாவியால் திறந்திருக்க வேண்டும். சாவிக்கு அருகில் இரவெல்லாம் இருந்தவன் காவலாளி. எனவே அவனே கள்வன் என்று நொடியில் முடிவு கட்டிவிட்டனர். அவன் அழுதான், தாயின்மேல் ஆணையிட்டான். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. நண்பகலில்தான், சில திங்களுக்கு முன் பொருத்திய சாவிப் பெட்டியின் பதிவை ஒருவர் எடுத்துப் பார்த்தார். இரவு பத்து மணியளவில் அச்சாவியைத் தம் விரல் காட்டி எடுத்தவரும், ஒரு மணிநேரம் கழித்துத் திரும்ப வைத்தவரும் ஒரு மேற்பார்வையாளர். காவலாளியின் விரலுக்கு அச்சாவியை விடுவிக்கும் உரிமையே இல்லை. அவனை வீட்டுக்கு அனுப்பினர். மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

அன்று மாலை அவன் தாயைக் கண்டு ஆறுதல் கூறச் சென்றேன். கடவுள் காப்பாற்றினார் என்றேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பொட்டி சொன்னதை நம்பினாங்க ஐயா. எம்புள்ள சொன்னதை நம்பலியே."

எழுதப் படிக்கத் தெரியாத அத்தாயின் சொல்லில் இப்பொருளின் இரு பக்கங்களும் அடங்கிக் கிடக்கின்றன. பெட்டி இல்லாதிருந்தால் அவ்விளைஞன் சிறைக்குச் சென்றிருப்பான். எளியவனுக்குப் பதிவேடே கேடயம். பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு வேறு கேடயங்கள் உண்டு. பொருள் தொலைந்தால் முதலில் யார் பக்கம் கண்கள் திரும்பும் என்பது நமக்குத் தெரியாததன்று. வீட்டு வேலைக்காரி, காவலாளி, கோயிலைப் பெருக்குபவர் என இந்த வரிசை மாறுவதே இல்லை. பொறிக்குச் சாதி தெரியாது. கிழிந்த சட்டையைக் கண்டு ஐயுறத் தெரியாது. அவ்வகையில் அது நம்மிலும் நேர்மையானது. ஆனால் ஒரு மனிதனின் சொல் மெய்யாவதற்கு ஒரு பொறி சான்று பகர வேண்டும் என்ற நிலைக்கு நாம் வந்துவிட்டோமே, அந்த வறுமையை எந்தக் கணக்கில் எழுதுவது?

நான் குடியிருக்கும் புள்ளலூரை வரலாற்று நூல்கள் போர்க்களமாகவே அறியும். மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரை இங்கு வென்றதைக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை ஐதர் அலி, திப்பு ஆகியோரின் படைகளிடம் இங்கு வீழ்ந்தது. மன்னர்கள் வந்தனர், வென்றனர், மறைந்தனர். ஆயினும் இதே மாவட்டத்தின் உத்திரமேரூரில் போரைக் காட்டிலும் நிலைத்த ஒன்று கல்லில் எழுதப்பட்டது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைத்தான் குறிப்பிடுகிறேன்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தெரிவுக்கு உரியவர் அல்லர் என்கிறது அக்கல்வெட்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவனுக்கும் இடமில்லை. ஓலை எடுக்கும் முறையோ அதனினும் நுட்பமானது. முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஒன்றும் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாகாதல்லவா! நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அச்சபையில் இடமிருந்தது என்பதை மறப்பதற்கில்லை. எனினும், பொதுப்பொறுப்பை ஏற்கும் கை விரிந்திருக்க வேண்டும் என்னும் அந்த நெறி ஆயிரத்து நூறு ஆண்டுகளைக் கடந்தும் நம்மோடு பேசுகிறது. இன்றைய மின்னணுப் பதிவேடு அந்த விரிந்த உள்ளங்கையின் வழித்தோன்றலே.

திருச்சபையும் இந்நெறியை அறியாததன்று. எருசலேமின் ஏழைகளுக்கெனத் திரட்டிய காணிக்கையைப் புனித பவுல் தனியாளாகக் கொண்டுசெல்லவில்லை. தீத்துவோடு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட மற்றொரு சகோதரரையும் அவர் துணைசேர்த்தார். பெருந்தொகையைக் கையாள்வதில் எவரும் குறைகூற இடமிருக்கலாகாது என்றும், ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மையானதையே நாடுவதாகவும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் அவர் விளக்குகிறார். திருத்தூதருக்கே இரண்டாவது பூட்டு தேவைப்பட்டது. அதை இழிவென அவர் கருதவில்லை. 1213-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கோயில்களில் காணிக்கைப் பேழை வைக்கப் பணித்தபோது அதற்கு மூன்று சாவிகள் குறித்தார். ஒன்று நேர்மையான குருவிடம், ஒன்று பக்தியுள்ள பொதுநிலையினரிடம், ஒன்று துறவியிடம் இருக்க வேண்டும் என்றார். பொதுநிலையினர் கையில் ஒரு சாவி! எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய ஏற்பாடு இது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இதையே வேறு சொற்களில் வற்புறுத்துகிறது. நற்கருணைப் பேழையின் சாவியை மிகுந்த கவனத்தோடு பேணுவது கோயிற்பொறுப்பாளரின் கடமை. சொத்துகளின் துல்லியமான பட்டியலில் ஒரு படி மறைமாவட்ட அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இயங்க வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகங்களின் 2,797 சாவிகளைப் பேணுவதற்கென்றே தனிப் பணியாளர்கள் உள்ளனர். அவற்றுள் சிஸ்டைன் சிற்றாலயத்தின் சாவிக்கு எண் கிடையாது. அது முத்திரையிட்ட உறையில் வைக்கப்படுகிறது. திறக்கும்தோறும் பதிவு செய்யப்படுகிறது.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் தேவை. எந்தப் பெட்டிக்கும் தலைமை எண் ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவர் பதிவையே மாற்றிவிட முடியுமானால் காவலருக்குக் காவலர் யார்? சாவியைக் கண்காணிக்கும் வில்லையை நாளை பணியாளரின் கழுத்தில் மாட்டி, அவர் கழிப்பறைக்குச் சென்ற நேரத்தையும் கணக்கிடலாம். பொருளைக் காக்கப் பிறந்த கருவி ஆளைப் பொருளாக்கிவிடும் ஆபத்து அது. மேலும், யார் எடுத்தார் என்பதைப் பொறி சொல்லும். ஏன் எடுத்தார் என்பதைச் சொல்லாது. மனச்சான்றுக்கு ஈடான நுண்சில்லு இன்னும் செய்யப்படவில்லை.

எசாயா இறைவாக்கினர் நூலின் 22-ஆம் அதிகாரத்தில் இரு பொறுப்பாளர்களைக் காண்கிறோம். செபுனா தனக்கெனக் கல்லறையைக் குடைந்துகொண்டவன். அவன் பதவி பறிபோகிறது. எலியாக்கிமின் தோள்மேல் தாவீது வீட்டின் திறவுகோல் வைக்கப்படுகிறது. இடுப்பில் செருகிக்கொள்ளும் அணிகலனன்று, தோளில் சுமக்கும் பாரம்! பேதுருவிடம் விண்ணரசின் திறவுகோல்களை ஒப்படைத்த ஆண்டவரும், உயிர்த்தபின் அவரிடம் கணக்கைக் கேட்கவில்லை. தம்மை அன்பு செய்கிறாயா என்றே மும்முறை கேட்டார்.

அன்புக்குரிய வாசகர்களே! மின்னணுப் பெட்டி வாங்கும் வசதி நம் சிற்றூர்க் கோயில்களுக்கு இராது. நாற்பது பக்க நோட்டு ஒன்றும் நூலில் கட்டிய எழுதுகோலும் போதும். சாவி எடுப்பவர் பெயரும் நேரமும் அதில் ஏறட்டும். பங்குத்தந்தை முதல் பெருக்குபவர் வரை விதிவிலக்கின்றி ஏறட்டும். சொத்துப் பட்டியல் ஆண்டுக்கொருமுறை மக்கள் முன் படிக்கப்படட்டும். அதனோடு இன்னொன்றையும் நாம் பழகிக்கொள்ள வேண்டும். என்றேனும் ஒரு பொருள் காணாமற்போய், அந்த நோட்டிலும் விடை இல்லாதுபோகும் நாளில், எளியவர் ஒருவர் நம்முன் நின்று "நான் எடுக்கவில்லை" என்று சொல்லக்கூடும். அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பிடுமுன், அச்சொல்லையும் ஒரு சாட்சியமாக ஏற்று அமர்ந்து கேட்போம்.