மேல்மண்

நாவல் எழுதுகிறவனுக்குச் சில்லறை வேலைகள் தாமாகவே வந்து சேரும். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துக் கொடுங்கள் என்பார்கள். வரவேற்புரை எழுதித் தாருங்கள் என்பார்கள். நெய்வேலியில் சிநேகிதர் வீட்டில் நான்கு நாள் தங்கப் போன இடத்தில், அவருடைய மகள் கொண்டுவந்து வைத்ததோ முந்நூறு பக்க ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரை. விஷயம் அத்வைதம்.

"வாதம் சரியாக இருக்கிறதாம் மாமா. இங்கிலீஷ்தான் முண்டும் முடிச்சுமாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம்தான் தவணை. ஓர் அத்தியாயமாவது பாருங்களேன்" என்றாள். ஐந்து வருஷ உழைப்பு அந்தக் குரலில் இருந்தது.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தத்துவத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுத நம் பக்கத்தில் ஒரு பரம்பரையே உண்டல்லவா? திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறநெறி பற்றி 1908-இல் ஓர் ஆய்வு எழுதினார். அவருடைய பேராசிரியர் ஹாக் கொடுத்த நற்சான்றிதழில், சிக்கலான வாதத்தைக் கையாளும் திறமையோடு நல்ல ஆங்கிலத் தேர்ச்சியையும் சேர்த்தே மெச்சியிருந்தார். பின்னால் 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் பதவி வந்தது. மைசூர் ஹிரியண்ணா 1932-இல் வெளியிட்ட இந்தியத் தத்துவ நூலில் ஒரு சொல் மிகையாக இராது. இந்தப் பெரியவர்களை நினைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன்.

ஒரு வாக்கியம் ஆறு வரி ஓடிற்று. உலகத்தை முழுக்க உண்மை என்று சொல்லவும் வழியில்லை, முழுக்க இன்மை என்று தள்ளவும் வழியில்லை, இரண்டிலும் அடங்காததாகையால் என்று இழுத்துக்கொண்டே போயிற்று. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, 'உலகம் வெறும் பொய்த்தோற்றம்' என்ற பொருளில் நாலே சொல்லில் முடித்தேன். படித்துப் பார்த்தேன்; மணியாக ஒலித்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை சிநேகிதர் சுரங்கத்துக்கு அழைத்துப் போனார். 1957-இல் நேரு தொடங்கிவைத்த வேலை. பழுப்பு நிலக்கரிக்கு மேலே ஐம்பது மீட்டருக்கும் அதிகமாக மண். சக்கரத்தில் வாளிகள் கோத்த ராட்சத யந்திரம் அதைச் சுரண்டி எடுத்தபடியே இருந்தது. "நேற்று ராத்திரி நானும் இதைத்தான் செய்தேன்" என்றேன் பெருமையாக.

சிநேகிதர் சிரித்தார். "மண்ணை எடுப்பது பெரிதில்லை ஐயா. கரிக்கு அடியிலே தண்ணீர் அழுத்திக்கொண்டு நிற்கிறது. மேலே இருக்கிற பாரம்தான் அதை அடக்கிவைத்திருக்கிறது. இராப்பகலாகத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் மண்ணை எடுத்தால், தரையே பொத்துக்கொண்டு வந்துவிடும்."

வீடு திரும்பியபோது அந்தப் பெண் என் தாளோடு காத்திருந்தாள்.

"வாக்கியம் அழகாக இருக்கிறது மாமா. ஆனால் இது அத்வைதி சொன்னதில்லை. அவனை மறுக்கிறவர்கள் அவன் தலையில் கட்டினது."

"எப்படி?"

"கயிற்றைப் பாம்பென்று பார்க்கிறோம். அது கண்ணுக்குத் தெரிந்தது, பயமும் வந்தது. ஆகையால் முயற்கொம்பு மாதிரி அறவே இல்லாததல்ல. விளக்கு வந்ததும் போய்விட்டது, ஆகையால் உண்மையுமல்ல. மித்யை என்பது அதுதான். வெறும் பொய் என்று எழுதினால் என் அத்தியாயமே விழுந்துவிடும். இதை நிலைநாட்டத்தான் முந்நூறு பக்கம்."

எனக்குச் சுரங்கத்துத் தண்ணீர் ஞாபகம் வந்தது. பாரமென்று நினைத்து நான் அடித்த சொற்கள்தாம் அடியிலிருந்த மறுப்பை அழுத்திக்கொண்டிருந்தன.

பென்சிலைக் கீழே வைத்தேன். "இப்போது என்னிடம் தமிழில் சொன்னாயே, அதே வரிசையில், சின்னச் சின்ன வாக்கியமாக இங்கிலீஷில் எழுது" என்றேன். எழுதினாள். ஆறு வரி ஏழாயிற்று. ஆனால் முடிச்சு எங்கேயும் இல்லை. அப்புறம் என் வேலை, ஒவ்வொரு பக்கத்திலும் "என்ன சொல்ல வருகிறாய்?" என்று கேட்பது மட்டுமாகவே இருந்தது.

கிளம்பும்போது, "முகவுரையில் உங்களுக்கு நன்றி சொல்லப் போகிறேன், மாமா" என்றாள். தாராளமாகச் சொல், ஆனால் அந்த நாலு சொல்லைக் காட்டிவிடாதே என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.