பகலில் ஊரில் இருப்பவர் யார்?



“எந்த ஊர்?” என்று கேட்டால், எங்கள் குடியிருப்பில் எவரும் இந்த இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. ஒருவர் மேலப்பாளையம் என்பார். இன்னொருவர் ஆம்பூர் என்பார். மற்றொருவர் அதிராம்பட்டினம் என்பார். கூடுவாஞ்சேரியை ஒட்டிய இந்த மனைப்பிரிவு எங்களுக்கு வீடு இருக்கும் இடம் மட்டுமே.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். நகரத்தின் தென்புற வளர்ச்சி அந்தத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டே வந்தது. தாம்பரத்தில் மனை விலை எட்டாத உயரத்துக்குப் போனபின், நடுத்தரக் குடும்பங்கள் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என ஒவ்வொரு நிலையமாகத் தெற்கே நகர்ந்தன. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. நாங்கள் குடிவந்தபோது எதிரே இருந்த வயலில் இன்று நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. வாடகை அறையொன்றில் ஒற்றை ஸஃப்பாகத் தொடங்கிய தொழுகைக்கு, அல்ஹம்துலில்லாஹ், இப்போது சொந்தப் பள்ளிவாசல் உண்டு.

அந்தப் பள்ளியில் ஃபஜ்ருக்கு மூன்று ஸஃப்கள் நிரம்பும். லுஹருக்கு இமாம், மோதினார், ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருவர், அவ்வளவுதான். மற்றவர்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் ரயிலேறிவிடுவர். பாரிமுனை வரை ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். குளிர்காலத்தில் மஃரிப் பெரும்பாலும் ரயிலுக்குள்ளேயே வந்துவிடும். ஜும்ஆவும் எங்களுக்கு மண்ணடியிலோ அண்ணா சாலையிலோதான். எங்கள் இமாம் இந்தத் தெருக்களின் நடப்பை அறிந்து ஆற்றும் பயானைச் சிறுவர்களும் முதியவர்களும் கேட்கிறார்கள். குடும்பத்தலைவர்கள் தம்மை அறியாத ஒருவரின் பயானைக் கேட்டுவிட்டு அலுவலகம் திரும்புகிறார்கள். இது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில், எங்கள் தெருவில் மூதாட்டி ஒருவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். மகன் நகரத்தில் வேலையில் இருந்தார். மருமகள் கதவைத் தட்டிய வீடுகளிலெல்லாம் பெண்கள் மட்டுமே இருந்தனர். மருத்துவரை அழைத்து வந்தவர் முனையில் துணி தேய்க்கும் முருக பக்தர். சந்தூக்கைப் பள்ளியிலிருந்து மோதினாரோடு சேர்ந்து தூக்கி வந்தவர் ஆட்டோ ஓட்டும் கிறிஸ்தவ இளைஞர். குளிப்பாட்டுவதையும் கஃபனிடுவதையும் பெண்கள் எவர் துணையுமின்றி முறையாகச் செய்து முடித்தனர். நாங்கள் அஸருக்குப் பிறகு ஒவ்வொரு ரயிலாக வந்து சேர்ந்தபோது, ஜனாஸா தொழுகையும் அடக்கமும் மட்டுமே எஞ்சியிருந்தன. ஃபர்ளு கிஃபாயா என்பதைச் சிறுவயதில் மக்தபில் மனனம் செய்திருக்கிறோம். சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதும் உள்ள கடமை நீங்கும். அந்தச் சிலர் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு ஃபஜ்ருக்குப் பின் இமாம் ஒரு செய்தியை நினைவூட்டினார். உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்பகுதியான அவாலியில் குடியிருந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் பள்ளியிலிருந்து விலகிய புறப்பகுதி அது. அவர்களும் அண்டைவீட்டு அன்ஸாரித் தோழர் ஒருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருவர் நபியவர்களிடம் செல்வார்; மறுநாள் மற்றவர். சென்றவர் அன்று அருளப்பட்ட வஹீயையும் மற்றச் செய்திகளையும் திரும்பி வந்து சொல்வார். புகாரியில் பதிவான இந்த நிகழ்ச்சியைக் கல்வி தேடும் ஆர்வத்துக்குச் சான்றாகவே நான் கேட்டிருந்தேன். இரண்டு அண்டைவீட்டார் ஒரே நாளில் புறப்பட்டுப் போகாமல் இருந்தார்கள் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

அன்றே முறைப்பட்டியல் எழுதினோம். நாளுக்கு இருவர் ஊரில் இருக்க வேண்டும். கணினி வேலையில் இருப்போர் வீட்டிலிருந்து பணியாற்றும் நாள்களைப் பிரித்துக்கொண்டனர். ஷிப்ட் வேலைக்காரர்கள் தம் ஓய்வுநாளைத் தந்தனர். இருப்பவர்கள் லுஹரையும் அஸரையும் ஜமாஅத்தோடு தொழுவார்கள். தனித்திருக்கும் முதியோரை விசாரிப்பார்கள். எந்த மதத்து வீட்டில் அவசரம் என்றாலும் போவார்கள். இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி சிரித்தார். பெண்கள் தமக்குள் இப்படியொரு பட்டியல் வைத்து நான்கு ஆண்டுகளாகின்றனவாம். எங்களிடம் சொல்லத் தோன்றவில்லையாம்.

பாரிமுனைக் கடைகளில் வேலை பார்க்கும் சகோதரர்களுக்கு விடுப்பெடுத்தால் அன்றைய கூலி கிடையாது. அவர்களைப் பகல் முறையில் சேர்ப்பது நியாயமாகாது. இரவில் மருத்துவமனைக்குத் துணை செல்லும் பொறுப்பை அவர்களே கேட்டுப் பெற்றனர். என் முறை திங்கட்கிழமை. புதன்கிழமைக்கு மட்டும் இரண்டாமவர் இன்னும் கிடைக்கவில்லை.