தோற்ற மறுநாள்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட், தோளில் பெரிய பெரிய திண்டு, முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதையும் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். எனக்கு அந்த ஆட்டத்தைவிட அதற்கு ஆள் எடுக்கும் முறைதான் சுவாரசியம். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை வருஷா வருஷம் ஏப்ரல் வாக்கில் 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் பங்கு போட்டுக்கொள்கின்றன. டிராஃப்ட் என்று பெயர். நம் ஐ.பி.எல். மாதிரி ஏலமெல்லாம் கிடையாது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் சாய்ஸ். பந்தியில் நோஞ்சான் பிள்ளைக்கு முதலில் சோறு போடுகிற நியாயம்.

எடுப்பதற்கு முன் பையனைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாற்பது கஜம் ஓடவிட்டு விநாடியை நூறாகப் பிளந்து அளக்கிறார்கள். எகிறிக் குதிக்கச் சொல்கிறார்கள். கை எத்தனை சாண் என்பதுகூடக் கணக்கு. 2022-ல் கைவிடும்வரை 12 நிமிஷத்தில் 50 கேள்வி என்று ஒரு பரீட்சை வேறு இருந்தது.

எல்லாம் சரி, குணத்தை எப்படி அளப்பது? அதற்கு டேப் இல்லை. மாப்பிள்ளையைப் பற்றித் தெருமுனைக் கடையில் விசாரிப்பதுபோல் பழைய கோச், வாத்தியார், போலீஸ் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள். பையனையே கூப்பிட்டு வைத்தும் கேட்கிறார்கள். நான் ஆபீஸில் இண்டர்வியூ போர்டில் உட்கார்ந்திருக்கிறேன். 'உங்களிடம் உள்ள குறை என்ன?' என்று கேட்டால், 'அளவுக்கு மீறி உழைச்சுடறேன் சார்' என்பார்கள். அங்கேயும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

1998-ம் வருஷத்து டிராஃப்ட்டைப் பாருங்கள். பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிற குவார்ட்டர்பேக் இடத்துக்கு இரண்டு பேர். பெய்டன் மேனிங், ரயன் லீஃப். யார் பெரியவர் என்று நிபுணர்கள் கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். முதலாவதாக மேனிங்கை இந்தியானாபோலிஸ் எடுத்தது. இரண்டாவதாக லீஃபை சான் டியேகோ எடுத்தது.

அதே வருஷம் ராண்டி மாஸ் என்று ஒருவர். மின்னல் ஓட்டம். ஆனால் பள்ளிக்கூட அடிதடியில் ஜெயில், பிறகு கஞ்சா. 'கேரக்டர் சரியில்லை' என்று பல அணிகள் ஒதுங்கின. 20 பெயர் வாசித்து முடித்த பிறகுதான் மின்னசோட்டா கூப்பிட்டது. முதல் சீசனிலேயே 17 டச்டவுன்! எட்டாவது இடத்தில் தன்னைத் தாண்டிப்போன டல்லஸுக்கு எதிராக அந்த நவம்பரில் மூன்றே மூன்று பந்து பிடித்தார், மூன்றும் டச்டவுன்.

லீஃப் முதல் இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தார். மூன்றாவதில் 15 முறை எறிந்து ஒன்றே ஒன்றுதான் சேரவேண்டிய கைக்குப் போனது. மறுநாள் உடைமாற்றும் அறையில் ஒரு நிருபர்மேல் பாய்ந்து கத்தினார். டி.வி.யில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தோளில் காயம் வேறு. 2001-க்குப் பிறகு அவர் ஆடவே இல்லை.

மேனிங் மட்டும் என்ன, பிரமாதமாகவா ஆரம்பித்தார்? முதல் வருஷம் 28 முறை எதிரி கையில் பந்தைக் கொடுத்தார். 16 ஆட்டங்களில் 13 தோல்வி. அடுத்த வருஷம் அதே அணிக்கு 13 வெற்றி.

அதற்காகப் போலீஸ்காரர் சொல்வதைக் காதில் வாங்காமல் இருக்க முடியுமா? ஆரன் ஹெர்னாண்டஸ் பற்றியும் முணுமுணுப்பு இருந்தது. 2010-ல் நான்காவது சுற்றில், மலிவாகக் கிடைத்தார் என்று நியூ இங்கிலாந்து எடுத்தது. நன்றாகவும் ஆடினார். 2013-ல் நடந்த ஒரு கொலைக்காக 2015-ல் அவருக்கு ஆயுள் தண்டனை. 2017-ல் சிறையிலேயே உயிரை விட்டார்.

லீஃபும் பின்னால் வலி மாத்திரைக்கு அடிமையாகி, அதற்காகத் திருடி ஜெயிலுக்குப் போனார். 2014-ல் வெளியே வந்தவர் போதையிலிருந்து மீள நினைப்பவர்களிடம் தன் கதையை ஒளிக்காமல் பேசுகிறார். 1998-ல் எந்தத் தேர்வாளர் இந்த லீஃபைப் பார்த்திருக்க முடியும்?

நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா பையன், ''நீங்களா இருந்தா எதைப் பார்த்து எடுப்பீங்க மாமா, திறமையா, குணமா?'' என்று போனில் கேட்டான்.

''கடைசியாத் தோத்த மறுநாள் என்ன பண்ணினான்னு விசாரிப்பேன்'' என்றேன்.

''தோத்ததே இல்லைன்னா?''

''அப்பத்தான் யோசிப்பேன்.''