கூடாரத்து ஐயருக்கு

அன்புள்ள ராக்லண்ட் ஐயா,

ஏழாயிரம்பண்ணையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் காலத்தில் இது திருநெல்வேலி ஜில்லாவின் வடக்கு ஓரம். 1910-இல் ராமநாதபுரத்தோடு சேர்த்தார்கள். 1985-இலிருந்து விருதுநகர் மாவட்டம். ஆள்பவர்கள் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டார்கள், கரிசல் அப்படியே கிடக்கிறது. மழை பெய்தால் வண்டிச் சக்கரத்தை விடாமல் பிடிக்கும், வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மண்ணை நீங்கள் எங்களைவிட நன்றாகவே அறிவீர்கள். நாங்கள் அதன்மேல் தார் ஊற்றிவிட்டோம். நீங்கள் அறியாதது ஒன்று உண்டு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மானாவாரிக் காடுகளில் தீப்பெட்டி ஆபீஸ் முளைத்தது, அதன் பின்னால் வெடி ஆபீஸ். மழை இல்லாதது கம்புக்குச் சாபம், மருந்து காய்வதற்கு வரம். அந்த வரத்தில் சோறு தின்று வளர்ந்தவள் நான்.

ஐயா, எங்கள் ஊர் ஒரு பாளையமாக இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1799-இல் கட்டபொம்மனோடு நின்றதற்காகக் கும்பெனியார் பறித்துக்கொண்ட பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. நீங்கள் இந்தச் சீமைக்கு ஊழியம் செய்ய வந்தது 1854-இல். அப்பன் வாயால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கிழவர்கள் அப்போது ஊருக்கு ஊர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். மாட்டுவண்டியில் ஒரு வெள்ளைக்காரர் வந்து மரத்தடியில் கூடாரம் அடித்தால் அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? கிஸ்தி கேட்க வந்தவர் என்றுதானே! அந்தச் சந்தேகப் பார்வைக்கு நடுவே, கேட்பதற்கு எதுவும் இல்லாமல், சொல்வதற்கு மட்டும் ஒரு செய்தியோடு வந்தீர்களே, அதற்கு முதல் நன்றி.

ராக்லண்ட் ஐயா, உங்களை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் சபையின் பழைய உபதேசியார். ஓய்வுநாள் பள்ளியில் 'கூடாரத்து ஐயர்' என்றுதான் சொல்வார். வளர்ந்தபின், உங்கள் நண்பர் பெரவுன் 1861-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்து, சிறுவயதிலேயே தாய்தகப்பனை இழந்து, லிவர்பூலில் உறவினரின் வணிக அலுவலகத்தில் வேலை பார்த்து, அதன் பிறகு கேம்பிரிட்ஜ் போயிருக்கிறீர்கள். 1841-இல் கணிதத் தேர்வில் நாலாவது இடம். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோ. அந்தப் பதவியில் உட்கார்ந்துகொண்டே பக்தியாக வாழ்ந்து முடித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐயா, 1846-இல் சென்னைக்கு வந்தீர்கள். சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளர் என்று பேர் பெரிது. வேலை என்னவோ கடிதமும் கணக்கும் கோப்பும்தான். ஆராதனையில் இருக்கும்போதுதான் ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார், ஆபீசில் உட்கார்ந்தால் அவர் தூரம் போய்விடுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். நான் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கூலிக் கணக்கு எழுதுகிறவள். யார் எத்தனை தீக்குச்சிக் கட்டை அடுக்கினாள், யாருக்கு எவ்வளவு முன்பணம் நிற்கிறது என்று நாள் முழுக்க எழுதும்போது, ஜெபத்தில் ஊறிய உங்கள் கையும் இதே மாதிரிக் கணக்குப் புத்தகத்தில்தான் கிடந்தது என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் அந்தப் பேரேட்டை ஆலயத்துக்கு வெளியே இருக்கும் பொருளாகப் பார்க்க முடிவதில்லை. ஒரு கட்டை குறைத்து எழுதினால் ஒருத்தி வீட்டில் எண்ணெய் குறையும்.

ஐயா, அந்தச் செயலாளர் வேலையில்தான் திருநெல்வேலியைச் சுற்றிப் பார்த்தீர்கள். தெற்கே சபைகள், பள்ளிகள், கோபுரம் வைத்த ஆலயங்கள். அங்கே மிஷனரிகளுக்கு மேய்ப்பர் வேலையே கைகொள்ளாமல் இருந்தது. வடக்கே சாத்தூர், சிவகாசி, திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் பக்கம் அநேகமாக ஒன்றுமில்லை. அதைப் பார்த்தபின் உங்களால் மேஜையில் உட்கார முடியவில்லை. ஆனால் அப்போது உடம்பு முந்திக்கொண்டது. நுரையீரல் கெட்டு இங்கிலாந்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் இப்படி நடந்தால் "கர்த்தருக்குச் சித்தமில்லை போல" என்று சொல்லி எல்லோரும் கலைந்துபோவோம். நீங்கள் ஓரளவு தேறியதும் திரும்பி வந்து, ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு இந்தப் பக்கம் இறங்கினீர்கள். பங்களா கட்டவில்லை. வீடே கூடாரம். சில நாள் ஓர் ஊர்ப் பக்கம், பிறகு பெயர்த்து அடுத்த பக்கம். விடியற்காலையில் கிராமங்களுக்கு நடை, வெயில் ஏறும் முன் திரும்புதல், பகலில் தமிழும் ஜெபமும், சாயங்காலம் மறுபடி நடை. சித்திரை வெயிலில் எங்கள் ஊர் ஆடுகூட நிழலை விட்டு நகராது. நோய்ப்பட்ட நெஞ்சோடு அந்தத் துணிக்கூரைக்குள் நீங்கள் இருந்தீர்கள்.

ராக்லண்ட் ஐயா, இனி எழுதப்போவதை எங்கள் சபையில் நான் எழுந்து சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம்.

ஐயா, இங்கே கோடைதோறும் பந்தல் போட்டு நற்செய்திக் கூட்டம் நடக்கும். அதில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஓர் அக்கா சொல்லுவாள்: "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், ஆபீசுக்குப் போகல. போயிருந்தா நான் இல்ல. கர்த்தர் என்னைக் காத்தார்." பந்தல் முழுக்க அல்லேலூயா. அன்றைக்கு வேலைக்குப் போன ஒருத்தியின் தாயும் அதே பந்தலில் உட்கார்ந்திருப்பாள். அவளும் கை தட்டுவாள். பட்டாசு அறையில் நாலு பேருக்குமேல் இருக்கக் கூடாது, மருந்து உரசக் கூடாது என்று விதிகள் உண்டு. விதியை மீறியவர் ஒருவராகவும் செத்தவர் வேறொருவராகவும் இருப்பதும் உண்டு. பக்கத்தில் அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12 அன்று நடந்த வெடிவிபத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

ஐயா, என் அம்மாவுக்கும் அப்படி ஒரு சாட்சி கிடைத்தது. அது வேறு வருடம், வேறு ஆபீஸ். சொந்தக்காரர் வீட்டுச் சடங்குக்குப் போனதால் அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அம்மா வழக்கமாகத் திரி வைக்கும் அறையில் சித்தி இருந்தாள். அந்தக் கோடையில் எல்லோரும் அம்மாவை நெருக்கினார்கள்: "எந்திரிச்சுச் சொல்லுக்கா, ஜீவனைக் காத்தாரே!" அம்மா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். சித்தி மகள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை எழுந்து, அப்போ எங்க அம்மாவைக் காக்கலையா என்று கேட்டால் பந்தலில் யாருக்குப் பதில் தெரியும்? பிரசங்கத்துக்கு வந்த பெரிய ஊழியருக்குத் தெரிந்திருக்காது என்பது என் துணிபு. அந்தக் கேள்வி வெகுகாலம் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவே சுவராக நின்றது. ஜெபம் பண்ணினேன், பாமாலை பாடினேன், அறுப்பின் பண்டிகைக்குக் கோழி கொடுத்தேன். சுவர் நின்றது.

ஐயா, அந்த இடத்துக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். உங்கள் வரலாற்றில் அற்புதம் வரும் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். வரவில்லை. நெஞ்சு குணமாகவில்லை. நடந்த நடைக்கு ஈடாக ஜனம் திரளவில்லை. கண்ணால் கண்ட பலன் சொற்பம். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் வாயில் இரத்தம் வந்து சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. வயது 43. பந்தலில் ஏறிச் சொல்வதற்கு ஒரு வரிகூட உங்களிடம் இல்லை. ஆனாலும் கைவிடப்பட்ட மனிதனின் குரல் உங்கள் கடிதங்களில் எங்கேயும் கேட்கவில்லை. தடை விலகட்டும், பிறகு ஆண்டவரிடம் நெருங்குவோம் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. தடைக்குள்ளேயே கூடாரம் அடித்துக் குடியிருந்தீர்கள், அவரும் அங்கே இருந்தார். காக்கப்பட்டவர்களோடு மட்டும்தான் கர்த்தர் இருக்கிறார் என்ற பந்தல் கணக்கு உங்களிடம் பொய்த்துப்போனது. அப்படியானால் அந்த அறையில் சித்தியோடும் அவர் இருந்திருக்க முடியும். எனக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யாரும் செய்யவில்லை.

ராக்லண்ட் ஐயா, வெற்றிக்கு நிச்சயமான வழி எது என்று நீங்கள் எழுதியபோது, நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். எங்கள் காட்டில் கோதுமை இல்லை. கம்பும் சோளமும்தான், அதுவும் வானத்தை நம்பி. விதைத்ததில் எறும்புக்குப் போவது போக, காக்கைக்குப் போவது போக, மழை தவறினால் மிச்சமும் போகும். அடுத்த ஆடியில் மறுபடி விதைப்பார்கள். உங்கள் பின்னால் ஃபென்னும் மெடோஸும் மறுபடி விதைத்தார்கள். இன்று சிவகாசிக்குப் பக்கத்தில் சாட்சியாபுரம் என்று ஓர் ஊரே இருக்கிறது, ஆலயத்தோடும் பள்ளிக்கூடத்தோடும்.

ஐயா, உங்கள் பெயருக்குப் பின்னால் நின்றவர்களையும் சேர்த்துத்தான் வணங்குகிறேன். தெற்கத்திச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து இந்தப் பக்கம் அனுப்பின. அவர்கள் செலவுக்குப் பனையேறிகளும் கூலிக்காரர்களும் காணிக்கை போட்டார்கள். தேரிக்காட்டு மணலில் பிறந்தவர்கள் கரிசல் சேற்றில் உங்களோடு நடந்தார்கள். உங்களைவிடச் சரளமாகத் தமிழ் பேசியவர்களும் அவர்கள்தான். தேவையற்ற மரியாதையாலும் எங்கள் சோம்பலாலும் வெள்ளைக்காரர் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது எங்களுக்குப் பழகிவிட்டது. நீங்களே இதைக் கேட்டால் முகம் சுளிப்பீர்கள்.

ஐயா, உங்களை நேரில் பார்க்காத ஒருவர் உங்கள் கதையை எழுதினார். டோனாவூர் அம்மா, ஏமி கார்மைக்கேல். 1867-இல் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். 1922-இல் அந்தப் புத்தகம் வெளிவந்தது. 1931-இல் குழியொன்றில் விழுந்து அடிபட்டு, 1951-இல் கண் மூடும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே கிடந்தார், எழுதிக்கொண்டே. அந்த இருபது வருடங்களில் அவர் உங்களை எத்தனை தரம் நினைத்திருப்பாரோ என்று எனக்குள் ஒரு கற்பனை ஓடும். படுக்கையில் கிடக்கிறவர்களுக்குத் தெம்பானவர்களின் கதை அவ்வளவாக உதவாது.

ராக்லண்ட் ஐயா, அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்கள் கதையை நான் வாசித்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவம், அந்த மனுசனுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கலையா?" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் ஜெபத்தில் ஒரு மாற்றம். கட்டை அடுக்கியும் திரி வைத்தும் அவள் விரல்கள் வளைந்துவிட்டன, இப்போது வேலைக்குப் போவதில்லை. விடியுமுன் எழுந்து, தெருவில் யார் யார் எந்த ஆபீசுக்குப் போகிறார்கள் என்று பேர் பேராகச் சொல்லி ஜெபிப்பாள். நெற்றியில் குங்குமத்தோடு வேனில் ஏறும் பெண்களின் பேரும் அதில் வரும். மாரியம்மன் கோவில் பூசாரி மகள் பேரும் வரும். முன்பெல்லாம் "காத்தருளும் ஆண்டவரே" என்று முடிப்பாள். இப்போது "காத்தாலும் கூட இரும், காக்காட்டாலும் கூட இரும்" என்கிறாள். எங்கள் போதகர் இதைக் கேட்டுவிட்டு, விசுவாசக் குறைவு போல இருக்கிறதே என்றார். அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், ஜெபத்தை மாற்றவில்லை.

ஐயா, ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் நினைவுநாள் அக்டோபர் 22. இந்தப் பக்கத்தில் அது மிகவும் தோதில்லாத தேதி. தீபாவளி நெருக்கத்தில் இங்கே யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. ராத்திரி வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை, லாரி லோடு. உபதேசியார் இருந்த காலத்திலேயே அன்றைக்கு ஆலயத்துக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். தீபாவளி கழிந்து ஆபீசுகளைப் பூட்டிய பிறகுதான் எங்களுக்கு ஓய்வு, அப்போதுதான் நன்றி சொல்லவும் கை ஒழியும். அதனால்தான் இந்த மடல் தேதி தவறி வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கட்டை அடுக்கியவள் மகள்,
ஏழாயிரம்பண்ணை